பின்னால் பெரிய டயர், முன்னால் சின்ன டயர்

கோவில்பட்டி எட்டயபுரம் சாலையில் என்னுடைய பேட்டரிக் கடைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே பெயர்ப்பலகை இல்லாத கடை ஒன்று இருந்தது. காசிராஜன் அண்ணாச்சியின் பழைய பாகங்கள் கடை. ஜீப்பு, வேன், டிராக்டர் என்று சுற்றுவட்டாரத்தில் எந்த வண்டி உயிரை விட்டாலும் அதன் உறுப்புகள் அங்கே வந்து சேரும். பலகை எங்கே என்று யாராவது கேட்டால், "தேடி வாரவனுக்குத் தெரியும், தெரியாதவன் வந்து என்ன வாங்கப் போறான்" என்பார். உண்மையில் பலகை ஒன்று செய்துதான் வைத்திருந்தார். வேறு கடைக்காகச் செய்த பலகையை வாங்கி, பெயரை அழித்துத் தன் பெயரை எழுதியிருந்தார். மாட்டப் போனால் கடையைவிடப் பலகை நீளம். அதைக் கீழே போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தார்.

அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல் ஒன்றுதான். செட்டாயிரும். ஒரு வண்டியின் பாகம் இன்னொரு வண்டிக்குச் சேராது என்பதை அவர் மனம் ஒப்புக்கொண்டதே இல்லை. துளை சின்னதாக இருந்தால் அரத்தை எடுப்பார். பெரிதாக இருந்தால் பழைய டியூபை வெட்டி உள்ளே திணிப்பார். இரண்டுக்கும் மசியாவிட்டால் சுத்தியல். எதிர்த்துப் பேசினால், "அதுவும் மனுசன் செஞ்சது, இதுவும் மனுசன் செஞ்சது, ரெண்டும் ஏன் சேராதுங்கே முத்து" என்று என்னைத் திருப்பிக் கேட்பார்.  அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வரும்.

பாதிக்கு மேல் சேர்ந்துவிடும் என்பதுதான் கொடுமை. மதுரைக்கு ஆளனுப்பி உதிரிபாகம் வாங்கிவரப் பொறுமையில்லாத, விவசாயம் பார்க்கிற சம்சாரிகள் அவரைத்தான் தேடி வருவார்கள். கயத்தாற்றுக்காரர் ஒருவரின் வேனுக்கு ஸ்டியரிங் பெட்டி மாற்றிக் கொடுத்தார். அதன்பிறகு அந்த வேனை இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அடித்தது. அவர் சண்டைக்கு வந்தபோது அண்ணாச்சி பதறவே இல்லை. "திருப்பத்துல ஹாரன் அடிக்கணும்னு ரோட்டுல போர்டே வச்சிருக்கான். நீரு மறந்தாலும் உம்ம வண்டி மறக்காது" என்றார். வந்த ஆள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டிலும் இதே கூத்துதான். கிரைண்டர் மோட்டார் எரிந்துபோன அன்று அதில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரைப் பூட்டினார். சுவிட்சைப் போட்டதும் கல் சுற்றிய சுற்றில் மாவு பாத்திரத்தில் நிற்காமல் சுவரெல்லாம் போய் அப்பியது. "ஓட ஓடச் செட்டாயிரும்" என்றார். அவர் மனைவி செண்பகவல்லி மதினி சுவரில் இருந்து மாவை வழித்து, அதில் அவருக்கு மட்டும் தோசை ஊற்றிக் கொடுத்தார். நன்றாக இருக்கிறது என்று அண்ணாச்சி இன்னொன்று கேட்டாராம்.

இனி அண்ணாச்சியின் சொந்த ஜீப்புக்கு வருகிறேன். அதை அவர் ராணுவத்து ஏலத்தில் எடுத்தார். எடுத்தபோது அது ஒரே வண்டியாகத்தான் இருந்தது. நாலைந்து வருசத்தில் பல வண்டிகளாகிவிட்டது. ஸ்டியரிங் ஒரு மினி லாரியுடையது. இருக்கைகள் மூடிப்போன தியேட்டரில் இருந்து வந்தவை. எழுந்தால் தாமாக மடங்கிக்கொள்ளும், மறுபடி உட்காரும் முன் கையால் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. கியருக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னொரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரணமாகப் பின்சக்கரங்கள்தான் வண்டியைத் தள்ளும். அந்தக் கம்பியை இழுத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். நாலு வீல் கம்பி என்போம். எங்கள் வறண்ட சீமையில் அதற்கு என்ன வேலை? அண்ணாச்சி அதில் சோற்றுப்பையை மாட்டி வைத்திருந்தார்.

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவரின் மினி லாரி ஒருநாள் கடைக்கு வந்தது. அதன் டயர்களில் இரண்டு மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. ஜீப் டயரைவிட நாலு விரல் உயரம் கூடுதல். ரிம் அளவு ஒன்றாக இருந்தது போதாதா, அண்ணாச்சிக்குக் கை அரித்துவிட்டது. பின்னால் இரண்டையும் மாட்டினார். டயர் பாடியில் உரசியது. சுத்தியலை எடுத்துப் பாடியைத் தட்டி இடம் பண்ணினார். ஜீப் பின்பக்கம் தூக்கி முன்பக்கம் குனிந்து, தண்ணித் தொட்டியில் வாய் வைக்கப் போகிற மாடு மாதிரி நின்றது.

"அண்ணாச்சி, நாலு வீல் வண்டிக்கு நாலு டயரும் ஒரே அளவு இருக்கணும்னு சொல்லுதாவளே" என்றேன்.

"டிராக்டரப் பாத்தியா முத்து? பின்னால எம்புட்டுப் பெருசு, முன்னால எம்புட்டுச் சிறுசு. அது உழலையா?"

 டிராக்டர்க் கணக்கு வேறு என்று எனக்குத் தெரியும். எப்படி வேறு என்று சொல்லத் தெரியவில்லை.

தொண்ணூற்றெட்டாம் வருசம் ஐப்பசியில் அவருடைய ஒரே மகள் உமாதேவிக்குக் கல்யாணம் வைத்தார்கள். மாப்பிள்ளை ஹரி கயத்தாற்றில் உரக்கடை வைத்திருந்தவர். கல்யாண மண்டபமும் கயத்தாற்றில்தான். அண்ணாச்சி வீடோ இடைசெவலுக்குக் கிழக்கே, மெயின் ரோட்டில் இருந்து இரண்டு மைல் உள்ளே, காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊரில். வெயில் காலத்தில் அந்தப் பாதை சிமெண்டுத் தரை மாதிரி கெட்டியாகக் கிடக்கும். மழை விழுந்தால் கரிசல் அதன் குணத்தைக் காட்டிவிடும். காலை வைத்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் காலைத் திருப்பித் தரும். கல்யாணத்துக்கு முந்தின நாள் பெய்யத் தொடங்கிய மழை விடிகிறவரை விடவில்லை.

முந்தின நாள் சாயங்காலமே பெண்ணைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நேரம் சரியில்லை என்று தடுத்தவர் அண்ணாச்சியின் அக்கா சுந்தரம்மாள். அந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாம் அந்த அம்மாள் சொன்னபடிதான். அதற்குக் காரணம் உண்டு. சுந்தரம்மாளின் கல்யாணத்தன்று, மறந்துபோன ஒரு தாம்பாளத்தை எடுக்க மாட்டுவண்டியைப் பாதி வழியில் திருப்பினார்களாம். வாய்த்த புருசன் குடிகாரர். அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு வந்தபோதெல்லாம், கட்டிக்கொடுத்த பெண் திரும்பி வரக்கூடாது என்று சொல்லி அவருடைய அப்பா மறுபடி கொண்டுபோய் விட்டுவிட்டார். அந்த ஆள் சாகிறவரை சுந்தரம்மாள் அங்கேதான் கிடந்தார். வண்டி திரும்பியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவர் முடிவு. அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை.

பேசி வைத்திருந்த கார்க்காரர் பாதையைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். சொந்தக்காரர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்து, வேன் ஏறிப் போயாகிவிட்டது. பட்டுச்சேலையும் மாலையுமாக இருக்கிற பெண்ணைச் சகதியில் நடத்த முடியுமா? ஒன்பது மணிக்கு மேல் பத்தரைக்குள் முகூர்த்தம். இருந்த வண்டி ஒன்றுதான். அண்ணாச்சி சோற்றுப்பையைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"இதுலயா எம்பிள்ளை போகப் போறா?" என்றார் மதினி.

"நாலு வீல் எதுக்கு இருக்கு? ஏறுங்க."

முன்னால் பெண், பின்னால் மதினியும் சுந்தரம்மாளும் நானும் பெண்ணின் தாய்மாமன் கண்ணபிரானும். அண்ணாச்சி பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தக் குட்டைக் கம்பியை இழுத்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், வண்டி போனது. உறுமிக்கொண்டு, இடமும் வலமும் வழுக்கிக்கொண்டு, சேற்றை வாரி எங்கள் மேலெல்லாம் அடித்துக்கொண்டு போனது. பின்டயருக்கும் பாடிக்கும் நடுவில் கரிசல் அடைத்து நின்றபோது நானும் கண்ணபிரானும் இறங்கிக் குச்சியால் குத்தி எடுத்தோம். மற்றபடி எங்கேயும் சிக்கவில்லை. மெயின் ரோட்டில் ஏறியதும் அண்ணாச்சி பின்னால் திரும்பி மதினியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தப் பெருமை ஒரு பர்லாங்குகூடத் தாங்கவில்லை. தார் ரோட்டில் ஜீப் முக்கியது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. அடியில் கடக் கடக் என்று எலும்பு முறிகிற மாதிரி சத்தம். அண்ணாச்சி நாலு வீல் கம்பியைப் பழைய இடத்துக்குத் தள்ளப் பார்த்தார். அது அசையவில்லை. இரண்டு கையாலும் தள்ளினார். காலால் உதைத்தார். ஓரமாக நிறுத்திவிட்டு வியர்வையைத் துடைத்தார்.

"என்னப்பா ஆச்சு?" என்றாள் உமாதேவி.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் பின்னால எடுத்தா முறுக்கு விட்டுரும்." ரிவர்ஸ் கியரைப் போடப் போனார்.

"ஏலே காசி, கைய எடு" என்றார் சுந்தரம்மாள்.

அண்ணாச்சி கையை எடுத்துவிட்டார்.

"தாலி கட்டிக்கிடப் போற பிள்ளைய ஒரு அடி பின்னால கொண்டு போகக் கூடாது. எனக்கு நடந்தது போதும்."

"யக்கா, நாலு அடிதான். வண்டி கண்டிசனுக்கு..."

"ஒரு அடியும் கூடாதுன்னேன்."

"அப்ப பிள்ளைய எறக்கிவிட்டுட்டு நான் மட்டும் பின்னால எடுக்கேன்."

"தாய் வீட்டு வாசல்ல ஏறுனவ மண்டபத்து வாசல்லதான் எறங்கணும்."

இப்படி ஒரு சாஸ்திரத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. ஆனால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபிறகு எங்கள் யாருக்கும் எதிர்த்துப் பேச வாய் வரவில்லை. மதினி தலையைக் குனிந்துகொண்டார். கண்ணபிரான் கடிகாரத்தைப் பார்த்தார். பாதைக்கே ஏகப்பட்ட நேரம் போய்விட்டது. முகூர்த்தம் தவறிவிட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"அப்படியே முன்னால போயிருங்களேன்பா" என்றாள் உமாதேவி.

அண்ணாச்சி மகள் பக்கம் திரும்பினார். வழக்கமான அந்தச் சொல் வரப்போகிறது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"போவ முடியாது தாயி. போனா கியர் பல்லு உடைஞ்சு நடு ரோட்டுல நின்னுரும்" என்றார். "பின் டயரு பெருசு. ஒரு சுத்துல கூடுதல் தூரம் ஓடும். முன் டயரு சிறுசு, அது அம்புட்டு ஓடாது. நாலையும் இந்தக் கம்பி ஒண்ணாப் பூட்டியிருக்கு. சகதியில வழுக்கி வழுக்கிச் சரிக்கட்டிருச்சு. தார் ரோட்டுல வழுக்க வழியில்ல. ரெண்டும் ஒண்ண ஒண்ணு முறுக்கிக்கிட்டு நிக்கி. இது ரெண்டும் சேராது. சேராதுன்னு தெரிஞ்சேதான் மாட்டுனேன். என் தப்புதான்."

பேட்டரிக் கடை வைத்த நாளில் இருந்து இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் காத்திருந்தேன். கேட்டதும் சந்தோசப்படுவேன் என்று நினைத்திருந்தேன். அவர் குரல் உடைந்துபோயிருந்தது. கேட்டிருக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது எனக்கு.

"ஜாக்கி வச்சு முன்சக்கரத்தத் தூக்குனா முறுக்கு விட்டுராதா?" என்றேன்.

"விட்டுரும்" என்றார் அண்ணாச்சி. எழுந்து, தியேட்டர் சீட்டைத் தூக்கி ஜாக்கியை எடுத்து வந்தார். சின்னக் கார் ஒன்றில் இருந்து கழற்றிய ஜாக்கி அது. முழுசாக உயர்த்தியும் ஜீப்பின் அச்சுக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. அண்ணாச்சி அதை ரோட்டோரத்தில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு ஆட்டுமந்தை வந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிற கடற்கரை என்பவரும் அவர் ஆட்களும் அதை மேய்ச்சலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். ஜீப்புக்கு அடியில், பின்னால், பக்கத்தில் எங்கும் ஆடு. ஒரு கிடா உமாதேவியின் மாலையைக் கடிக்க எட்டியது.

"என்ன அண்ணாச்சி, கல்யாண வண்டிய நடு ரோட்டுல நிப்பாட்டிட்டிய?" என்றார் கடற்கரை.

உமாதேவி மாலையைக் கிடாயிடம் இருந்து பிடுங்கிக்கொண்டு சுந்தரம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அத்தை, முன்னால போக முடியாது. பின்னால போகக் கூடாது. கீழயும் எறங்கக் கூடாது. மேல போகலாமா?"

சுந்தரம்மாள் யோசித்தார். எல்லாச் சாஸ்திரத்தையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"மேல போனாத் தப்பில்ல" என்றார்.

பெண்ணைத் தவிர எல்லாரும் இறங்கினோம். கடற்கரையின் ஆட்கள் கம்பைக் கீழே போட்டுவிட்டு வந்தார்கள். நானும் கண்ணபிரானும் ஒரு பக்கம் பிடித்தோம். அண்ணாச்சி கம்பியைத் தள்ளுவதற்காக மறுபடி ஏறப் போனார்.

"நீங்க எறங்கித் தூக்குங்கப்பா. கம்பிய நான் தள்ளுதேன்" என்றாள் உமாதேவி. வளையல் கையால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முன்பக்கத்து இரும்புச் சட்டத்தின் அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினோம். கடற்கரை "ஏலேலோ" என்று குரல் கொடுத்தார். ஜீப்பின் மூக்கு ஒரு பக்கமாகச் சாமி சப்பரம் மாதிரி மேலே எழும்பியது. அதைப் பார்த்ததும் சுந்தரம்மாளுக்கு என்ன தோன்றியதோ, கையை வாயருகே வைத்துக் குலவை போட்டார். மதினியும் சேர்ந்துகொண்டார். ஆடுகள் மிரண்டு கத்தின. ஒரு பஸ் நின்று, அதில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண்ணை வண்டியோடு தூக்குகிற இந்த வழக்கம் எந்தச் சாதியில் இருக்கிறது என்று அவர்கள் குழம்பியிருக்க வேண்டும்.

டயர் தரையை விட்டதும் அடியில் டக்கென்று ஒரு சத்தம். சக்கரம் தானாகத் திரும்பி நின்றது.

"வந்துட்டுப்பா" என்றாள் உமாதேவி. கம்பி அவள் கையோடு பழைய இடத்துக்குப் போயிருந்தது.

முகூர்த்தம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கையில் மண்டபத்து வாசலில் போய் இறங்கினோம். தாலி கட்டுகிற போட்டோவில் அண்ணாச்சியின் இடது தோளில் ஆழாக்குக் கிரீஸ் இருக்கிறது. அதை மறைக்கத்தான் மதினி அவருக்கு முன்னால் நிற்கிறார். ஆனால் மதினியின் சேலையிலும் கரிசல் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். உமாதேவி வாசல்வரை வந்தாள். காலையில் இருந்த பேச்செல்லாம் போய், கண் கலங்கி நின்றாள். அண்ணாச்சி ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் நாலு பேர் நிற்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"மாப்பிள்ள தங்கமானவரு. எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லுதேன் கேட்டுக்கோ" என்றார். "சேராததச் சேரும் சேரும்னு அடிச்சுப் பூட்டுனவன் நான். நீ அப்படிப் பூட்டிக்கிட்டு கெடக்காண்டாம். சரிப்படலன்னா கடைக்கு ஒரு போன் போடு. அன்னைக்கே வந்து கூட்டிட்டு வந்துருதேன்."

மதினி திடுக்கிட்டு அவர் கையைப் பிடித்து இழுத்தார். கல்யாணத்தன்று பெண்ணிடம் பேசுகிற பேச்சா அது? மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டியது. நான் பயந்துகொண்டு சுந்தரம்மாளைப் பார்த்தேன். இப்போது வெடிக்கப் போகிறது என்று நினைத்தேன்.

சுந்தரம்மாள் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உமாதேவியிடம் போய் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"இவன் ஜீப்பு வந்து சேருமோ சேராதோ" என்றார். "எனக்குச் சொல்லி அனுப்பு பிள்ள. நான் நடந்து வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்த வாரமே அண்ணாச்சி மதுரைக்குப் போய் ஒரே அளவில் நாலு டயர் வாங்கிவந்தார். நாலும் புதுசு. அவர் கடைக்குள் காகிதம் சுற்றிய புதுப்பொருள் ஒன்று நுழைந்ததை அன்றுதான் பார்த்தேன். எதற்கு இந்தச் செலவு, இனி மழைக்கு எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"கயத்தாத்துக்குத்தான்" என்றார். "போறதுக்கும் வாரதுக்கும்."